யூத வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு: பண்டிகைகளின் முதல் ஆண்டு

திருமணமான பின் வந்த முதல் பஸ்காவுக்கு, அதாவது எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகைக்கு, நியூ ஜெர்சியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு உருளைக்கிழங்குப் பொடிமாஸ் செய்து எடுத்துப்போகத் தீர்மானித்தேன். அந்த நாட்களில் கோதுமை கூடாது என்று எனக்குத் தெரியும். அரிசியும் அவர்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை என்று கணவர் சொல்லியிருந்தார். உருளைக்கிழங்கில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, பெருங்காயம் தூவி, மணக்க மணக்க இறக்கி வைத்தேன். கிளம்பும் நேரத்தில் பெருங்காய டப்பாவை அலமாரியில் திரும்ப வைக்கும்போது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. சேர்மானங்களில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது.

பொடிமாஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றேன். நடந்ததைச் சொன்னதும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருடம் பண்டிகைக்கு முந்தின நாளே வந்துவிடு. என் அடுப்பில், என் பாத்திரத்தில் செய்" என்றார். யூதப் பண்டிகைகளில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். இன்றுவரை அதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து எதையாவது கொண்டுபோய் நீட்டுவதைவிட, அந்த வீட்டுக்குள் நின்று ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒவ்வொரு பண்டிகையிலும் உங்களுக்கான வேலை எது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

அந்த மேசையில் வெளியிலிருந்து வந்தவர் நான் மட்டும்தானோ என்ற கூச்சம் யாருக்கும் வேண்டாம். பியூ ஆய்வு மையம் அமெரிக்க யூதர்களிடையே 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், திருமணமானவர்களில் 42 விழுக்காட்டினரின் துணை யூதரல்லாதவர். 2010க்குப் பின் மணம் செய்துகொண்டவர்களிடையே அது 61 விழுக்காடு. என் முதல் சேடரில், அதாவது பஸ்கா இரவு விருந்தில், எதிரே உட்கார்ந்திருந்த ஓரகத்தி அயர்லாந்து வழிக் கத்தோலிக்கர். எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்குக் கண்ணாலேயே சொல்லித் தந்தவர் அவர்தான்.

முதலில் கேளுங்கள்

யூத வழக்கம் என்று ஒன்றை மட்டும் படித்துக்கொண்டு போனால் அங்கே வேறொன்றைப் பார்ப்பீர்கள். கிழக்கு ஐரோப்பா வழிவந்த அஷ்கெனாசிகள், ஸ்பெயின் வழிவந்த செபார்திகள், ஈராக், ஏமன், ஈரான் பக்கத்து மிஸ்ராஹிகள், நமக்கு அருகிலேயே வாழ்ந்த கொச்சி யூதர்கள், கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் என்று பிரிவுகள் பல. ஒவ்வொன்றுக்கும் உணவும் ராகமும் வேறு. அதற்கு மேல், கட்டுப்பாடு மிகுந்த ஆர்த்தடாக்ஸ், நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ், நெகிழ்வான ரிஃபார்ம் என்று பழகும் முறையிலும் வேறுபாடு. தெருவுக்குத் தெரு பொங்கல் வைக்கும் முறை மாறும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சமையலறை கோஷர் என்னும் யூத உணவுச் சட்டப்படி நடக்கிறதா? வெள்ளி மாலைக்குப் பிறகு விளக்குச் சுவிட்சையும் தொலைபேசியையும் தொடலாமா? பஸ்காவில் அரிசி உண்டா? இந்தக் கேள்விகளைக் கணவரிடமோ மனைவியிடமோ மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அம்மா எல்லாவற்றையும் செய்து முடித்து வைத்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். மாமியாரிடமோ மாமனாரிடமோ நேராகக் கேளுங்கள். கேட்டதற்காக ஒருவர்கூட என்னிடம் முகம் சுளித்ததில்லை.

கூப்பிடும் முறை ஒரு சிறு முள். அமெரிக்காவில் மாமியாரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். எனக்கு வாய் வரவே இல்லை. இரண்டு வருடம் "நீங்கள், உங்களுக்கு" என்றே ஓட்டினேன். குழந்தை பிறந்து, அது பாட்டியைப் "பபி" என்று அழைக்கத் தொடங்கியதும் நானும் பபி என்றே அழைத்துவிட்டேன். பிள்ளை வாயால் உறவு சொல்லும் நம் பழைய வழி அங்கேயும் செல்லுபடியாகிறது.

நாட்காட்டியைச் சரியாகக் குறியுங்கள்

நமக்கு விடியலில் பிறக்கும் நாள் அவர்களுக்கு அந்தியில் பிறக்கிறது. நாட்காட்டியில் 2027 ஏப்ரல் 22 பஸ்கா என்று போட்டிருந்தால், பெரிய விருந்து 21ஆம் தேதி மாலையே நடக்கும். அலுவலகத்தில் விடுப்புச் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்; முதல் ஆண்டில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

மாதங்கள் நிலவைப் பின்பற்றுகின்றன. பருவம் தவறிவிடாமல் இருக்க 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். பஞ்சாங்கத்தில் அதிக மாதம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ்காவும் கொட்டகைப் பண்டிகையான சுக்கோத்தும் பௌர்ணமியில் தொடங்கும். புத்தாண்டான ரோஷ் ஹஷானா அமாவாசையை ஒட்டி வரும். 2026இல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 மாலை, நோன்பு நாளான யோம் கிப்பூர் 20 மாலை, சுக்கோத் 25 மாலை, ஹனுக்கா டிசம்பர் 4 மாலை தொடங்குகின்றன. 2027இல் பூரிம் மார்ச் 22 மாலை.

இரண்டு நாட்காட்டிகளும் நிலவைப் பார்ப்பதால் சில ஆண்டுகளில் மோதிக்கொள்ளும். 2025இல் நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22 மாலைதான் ரோஷ் ஹஷானாவும் தொடங்கியது. சரஸ்வதி பூஜை அன்று அந்தியில் யோம் கிப்பூர் நோன்பு ஆரம்பித்து விஜயதசமி அன்று இரவு முடிந்தது. அந்தப் பத்து நாட்களை எப்படிக் கடந்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்குங்கள்

பெரிய பண்டிகை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஷபாத் என்னும் ஓய்வுநாள் ஒவ்வொரு வாரமும் வருகிறது; மற்ற எல்லாப் பண்டிகைகளின் எலும்புக்கூடும் அதில் இருக்கிறது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி ஏற்றுவது பரவலான வழக்கம். பிறகு பிள்ளைகள் தலைமேல் கை வைத்து ஆசி, திராட்சை மதுவின் மேல் ஒரு வாழ்த்து, கடைசியில் ஹல்லா என்னும் பின்னல் ரொட்டி இரண்டு. மதுவுக்கு வாழ்த்துச் சொல்லும்வரை ரொட்டியைத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். தனக்கு முன் மதுவுக்கு மரியாதை செய்வதைப் பார்த்து ரொட்டி மனம் நோகக் கூடாதாம். இந்த விளக்கத்தைக் கேட்ட அன்று அந்த வீடு எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

அங்கே எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்காதீர்கள். அது தானே எரிந்து முடியும். விளக்கை ஊதக் கூடாது என்று பாட்டியிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இது கைவந்த பழக்கம். பூவோ பழமோ கொண்டுபோவதானால் அந்திக்கு முன் கொடுத்துவிடுங்கள். உங்கள் வேலை: மேசையை அமைப்பது. எந்தத் தட்டு எந்த வகைச் சாப்பாட்டுக்கு என்பது அப்போதுதான் கைக்குப் பழகும்.

அடுப்படியின் சட்டம்

கோஷர் வீட்டில் இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது; பாத்திரம், கரண்டி எல்லாம் தனித்தனி. பன்றி இல்லை. இறால், நண்டு இல்லை. மீன் என்றால் துடுப்பும் செதிலும் வேண்டும், அதனால் சுறாப் புட்டுக்கு இடமில்லை. இவை எளிதில் மனதில் நிற்கும். நாம் இடறும் இடம் நெய். நம் கணக்கில் அது சைவம். அவர்கள் கணக்கில் அது பால் வகை. இறைச்சி பரிமாறும் மேசையில் நெய் ஊற்றிய பருப்பையோ தயிர்ப் பச்சடியையோ வைக்க முடியாது. இரண்டிலும் சேராத உணவைப் பார்வே என்கிறார்கள். தேங்காய் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் பார்வே. பாயசத்தைத் தேங்காய்ப்பாலில் செய்தால் எந்த விருந்துக்குப் பிறகும் பரிமாறலாம். கடையில் வாங்கும் பொட்டலத்தில் வட்டத்துக்குள் 'யூ' எழுத்து போன்ற கோஷர் முத்திரையைத் தேடுங்கள்.

கண்டிப்பான கோஷர் வீட்டுக்கு நம் வீட்டில் சமைத்ததை எடுத்துப்போகவே கூடாது. நம் பாத்திரம்தான் அதற்குக் காரணம். நம் மேல் உள்ள மதிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. முழுப் பழம் எப்போதும் பாதுகாப்பு.

நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் அதையும் முன்கூட்டியே, தெளிவாகச் சொல்லுங்கள். ரோஷ் ஹஷானாவுக்கும் பஸ்காவுக்கும் பல அஷ்கெனாசி வீடுகளில் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சிதான் நடுநாயகம். நான் முதல் தடவை சொல்லத் தயங்கித் தட்டை அளைந்துகொண்டிருந்தேன். சமைத்தவருக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பஸ்கா

வீட்டில் பெசாக் என்பார்கள். ஆண்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உங்களால் முழுமையாகத் தயாராக முடியும் என்றால் இதற்குத் தயாராகுங்கள்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டபோது மாவு புளிக்க நேரம் இல்லை. அதன் நினைவாகப் புளித்த தானியம் வீட்டிலேயே இருக்கக் கூடாது. அதற்குப் பெயர் ஹமேட்ஸ். தமிழ் விவிலியம் 'புளிப்பு' என்று எழுதுவதைப் படித்த நம்மவர்கள் இட்லி மாவையும் புளிக்குழம்பையும் நினைத்துக் குழம்புகிறார்கள். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்னும் ஐந்து தானியங்கள் நீர்பட்டு 18 நிமிடத்துக்கு மேல் வேகாமல் இருந்தால் மட்டுமே அது ஹமேட்ஸ். புளி பழம்தான், கவலையில்லை. இட்லி மாவு எவ்வளவு பொங்கினாலும் ஹமேட்ஸ் ஆகாது.

ஆனால் இட்லிக்கு வேறொரு தடை இருக்கிறது. அரிசி, பருப்பு வகை, கடுகு, எள் ஆகியவற்றைக் கிட்னியோத் என்று சொல்லி அஷ்கெனாசிகள் பல நூற்றாண்டுகளாகப் பஸ்காவில் விலக்கி வந்திருக்கிறார்கள். செபார்திகளும் மிஸ்ராஹிகளும் பொதுவாக உண்கிறார்கள். அரிசியில் வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சமைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. கன்சர்வேடிவ் இயக்கத்தின் சட்டக் குழு 2015இல் அனைவருக்கும் இதை அனுமதித்தது. என் மாமியார் வீட்டில் பழைய வழக்கமே தொடர்கிறது. அதாவது கடுகு இல்லை, உளுந்து இல்லை, நல்லெண்ணெய் இல்லை, கோதுமை கலந்த பெருங்காயம் இல்லவே இல்லை. நம் தாளிப்பு முழுவதும் எட்டு நாட்களுக்கு நின்றுபோகிறது. இஸ்ரேலில் ஏழு நாள். வெளியே பெரும்பாலும் எட்டு.

முந்தின இரவு வீடு முழுக்கத் தேடல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இறகால் கூட்டி, மரக்கரண்டியில் ரொட்டித் துணுக்குகளை அள்ளுவார்கள். எப்போதோ சுத்தமாகிவிட்ட வீட்டில் தேடுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று பத்துத் துண்டுகளை முன்பே ஒளித்து வைப்பார்கள். உங்கள் வேலை: ஒளிப்பது, ஒளித்த இடங்களைக் குறித்து வைப்பது. பத்தாவது துண்டு அகப்படாவிட்டால் வீடே தூங்காது. மறுநாள் காலை அதை எரிப்பார்கள். போகி நெருப்பின் முன் நின்று வளர்ந்த எனக்கு அந்தப் புகை வாசம் ஊரை நினைவூட்டியது.

சேடர் என்பது வரிசை என்று பொருள்படும் சொல். ஹகாதா என்னும் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக எல்லாம் நடக்கும். நடுவில் ஒரு தட்டு: வறுத்த எலும்பு, சுட்ட முட்டை, கசப்புக்குத் துருவிய குதிரைமுள்ளங்கி, பசுந்தழை, அடிமைகள் குழைத்த சாந்தை நினைவூட்டும் ஹரோசெத். கண்ணீருக்கு உப்புநீர். மாட்சா என்னும் புளிக்காத அப்பங்கள் மூன்றில் நடுவிலுள்ளதை உடைத்துப் பெரிய பாதியை ஒளித்து வைப்பார்கள். குழந்தைகள் தேடிக் கண்டுபிடித்துப் பரிசு கேட்கும். நான்கு கிண்ணம் மது உண்டு. குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு. இருப்பவர்களில் இளையவர் நான்கு கேள்விகள் பாடுவார். சாப்பாடு வருவதற்கு வெகு நேரம் ஆகும், ஆகவே மாலை ஐந்து மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். புத்தகத்தைச் சுற்றிவரப் படிக்கும்போது உங்கள் முறையும் வரும். தயங்காமல் படியுங்கள்.

உங்கள் வேலை ஹரோசெத். அஷ்கெனாசி முறையில் ஆப்பிள், வால்நட், பட்டை, இனிப்பு மது. நறுக்கிக் கலந்தால் முடிந்தது.

இரண்டு இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். தொடக்கத்திலேயே அரமேய மொழியில் ஓர் அழைப்பு வரும்: பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும். பிறகு எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி மதுவை விரலால் எடுத்துத் தட்டில் வைப்பார்கள். எதிரியின் துன்பத்தால் நம் கிண்ணம் குறைய வேண்டும் என்பது என் மாமனார் சொன்ன விளக்கம். பத்தாவது துளியின்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

இலையுதிர்காலம்

ரோஷ் ஹஷானாவுக்கு ஆப்பிளைத் தேனில் தோய்த்துச் சாப்பிட்டு "ஷனா தோவா" என்று வாழ்த்துவார்கள். ஆட்டுக்கடாக் கொம்பை ஊதும் ஓசை கேட்க ஒரு முறையாவது சினகாக் என்னும் யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போங்கள். பல இடங்களில் ஷபாத் அன்று ஊதுவதில்லை. 2026இல் முதல் நாள் சனிக்கிழமை, ஆகவே அங்கெல்லாம் ஞாயிறு போக வேண்டும்.

அடுத்துப் பத்தாம் நாள் யோம் கிப்பூர். 25 மணி நேரம், தண்ணீர்கூட இல்லாத நோன்பு. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் இல்லை. உங்களுக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் நோன்பிருப்பவர் முன் உண்ணாதீர்கள், "இனிய" என்று வாழ்த்தாதீர்கள். நோன்பு எளிதாகக் கழியட்டும் என்றால் போதும். அதற்கு முந்தின நாட்களில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். மனிதருக்கு மனிதர் செய்த தவற்றை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மாமனார் ஒருநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஆண்டில் என்னை வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள் என்றார். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் மருமகளிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று நானும் கேட்டேன்.

மறைந்தவர்களுக்காக 24 மணி நேரம் எரியும் விளக்கும் அன்று ஏற்றுவார்கள். இறந்த நாளை அவர்கள் யூத நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் அனுசரிப்பது அப்படியே நம் திதிதான். என் அப்பாவின் திதியைக் குறித்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்ட மாமியார், அந்த நாளில் தவறாமல் என்னை அழைத்துப் பேசுகிறார்.

நோன்பு முடிக்கும் மேசை உங்கள் வேலை. பேகல் ரொட்டி, மீன், முட்டை, பழம். 2025இல் அது விஜயதசமி. எங்கள் வீட்டில் கொலு. கொண்டைக்கடலைச் சுண்டலையும் அந்த மேசையில் வைக்க ஆசைப்பட்டேன். இங்கே கவனம் தேவை. உருவத்தின் முன் படைத்த எதையும் யூதச் சட்டம் விலக்குகிறது. 2004இல், மணமான ஆர்த்தடாக்ஸ் பெண்கள் பலர் தலைமுடியை மறைக்க அணியும் பொய்முடிகளில், திருப்பதிக் காணிக்கை முடியில் செய்தவற்றை அணியக் கூடாது என்று எருசலேமின் ரபி, அதாவது யூத மதகுரு, யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னபோது, புரூக்ளினில் பெண்கள் தங்கள் பொய்முடிகளைத் தெருவில் எரித்தார்கள். எல்லா யூதர்களும் இதை அவ்வளவு தூரம் எடுத்துச் செல்வதில்லை. ஆனால் யார் எங்கே நிற்கிறார் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் நைவேத்தியத்துக்கு முன்பே ஒரு பாத்திரம் சுண்டலைத் தனியாக எடுத்து வைத்தேன். அதைச் சொல்லியே பரிமாறினேன். எடுத்து வைத்தது அத்தனையும் தீர்ந்தது.

சுக்கோத்துக்குத் தோட்டத்தில் ஒரு கொட்டகை. கூரை தழையால் வேய்ந்தது. இடைவெளியில் விண்மீன் தெரிய வேண்டும். கீற்றுப் பந்தலைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கை தானே ஓடும். தோரணம் கட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹனுக்கா, பூரிம், ஷாவுவோத்

ஹனுக்காவை அமெரிக்கா பெரிதாக்கிவிட்டது. யூத நாட்காட்டியில் அது சிறிய பண்டிகை. அதை யூதர்களின் கிறிஸ்துமஸ் என்றோ தீபாவளி என்றோ சொல்லாதீர்கள். தங்கள் தனித்தன்மையை அழிக்க வந்த அரசனிடமிருந்து கோயிலை மீட்ட நினைவு அது. இன்னொன்றின் பெயரால் அதை அழைப்பது அதன் பொருளையே அழிப்பதாகும். எட்டு இரவுகளுக்கும், மற்றவற்றை ஏற்றுவதற்கென்று தனியாக வைக்கும் மெழுகுவர்த்தியோடு சேர்த்து, 44 மெழுகுவர்த்திகள் வாங்குங்கள். வலமிருந்து இடமாக அடுக்கி, இடமிருந்து, அதாவது புதியதிலிருந்து, ஏற்றுங்கள். கார்த்திகை அகல் விளக்குகளுக்கு வேறு நாளும் வேறு இடமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பூரிம் அன்று எஸ்தர் சுருளை வாசிப்பார்கள். கொடியவன் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையால் அதை மூழ்கடிக்கும். முதல் வரியிலேயே 'ஹோது' என்ற சொல் வரும். அது இந்தியா: இந்தியா முதல் கூஷ் வரை 127 மாகாணங்கள். என் மகள் அந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். ஷாவுவோத்தில் பால் உணவு. நெய்யும் பால் பாயசமும் தடையின்றிப் போகும் நாள். அன்று வாசிப்பது, வேற்று இனத்திலிருந்து வந்து மாமியாரை விட்டுப் பிரிய மறுத்த மருமகள் ரூத்தின் கதை.

பிள்ளைகளும் ஒரு சின்னமும்

தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் நிலை. தந்தை வழியையும், பிள்ளை யூதராக வளர்க்கப்பட்டால், அமெரிக்க ரிஃபார்ம் இயக்கம் 1983இல் ஏற்றது. என்னைப் போன்ற தாய்மார்கள் இதைப் பிள்ளை பள்ளிக்குப் போகும் முன்பே கணவருடன் பேசி முடித்துவிடுங்கள். பிள்ளை யாரோ ஒருவர் வாயிலிருந்து திடீரென்று இதைக் கேட்கக் கூடாது.

கோலத்திலும் அழைப்பிதழிலும் ஸ்வஸ்திகாவை விட்டுவிடுங்கள். நம்முடையது பழமையானது, புனிதமானது என்பது உண்மை. ஆனால் நாஜிகள் அதையே தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். அந்த வீட்டின் சுவரில் இருக்கும் பழைய புகைப்படத்தில் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். வாசலில் நிற்கும் பாட்டிக்கு விளக்கம் கேட்கும் நிலை இருக்காது. தாமரைக் கோலம் போடுங்கள்.

அந்தப் பொடிமாஸ்

மாமியார் சொன்னபடி அடுத்த ஆண்டு பஸ்காவுக்கு முந்தின நாளே போனேன். பஸ்காவுக்கென்றே மேல் அலமாரியில் கட்டி வைத்திருந்த வாணலியை இறக்கித் தந்தார். பஸ்கா முத்திரை உள்ள தேங்காய் எண்ணெயில் நறுக்கிய இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை; பொடிக்குப் பதில் பச்சை மஞ்சளைத் துருவிப் போட்டு, வேகவைத்து உதிர்த்த கிழங்கு, உப்பு, தேங்காய்த் துருவல், இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு. கடுகு வெடிக்காத அடுப்பு முதலில் வெறுமையாக இருந்தது. கறிவேப்பிலை பொரிந்ததும் அது மறந்துபோனது. மாமியாரின் பஸ்காப் பட்டியலில் இப்போது அதற்கு ஒரு வரி உண்டு. எதிரே என் பெயர். இருபது பேருக்கு ஆறு பவுண்டு கிழங்கு சரியாக இருக்கிறது.